கெட்டியாகக் கொடுத்தும் புரையேறியது: மூளைத்தண்டு பக்கவாதத்துக்குப் பின் விழுங்குதல் மீண்ட ஒரு நிகழ்வு

பின்னணி

ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருந்த ஓர் ஆணின் நிகழ்வு இது. பல வருடங்களாக ரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையை விட்டு விட்டு எடுப்பவர். சர்க்கரை நோய் இல்லை. மனைவியும் மகளும் மாறி மாறிக் கூடவே இருந்தார்கள். அவரும் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே இது எழுதப்படுகிறது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டோம். விழுங்குதல் சிகிச்சை தந்த தரப்பிலிருந்து எழுதும் குறிப்பு என்பதால், மருந்துகளைப் பற்றித் தேவையான அளவுக்கு மட்டுமே பேசுகிறது.

ஒரு நாள் காலை எழுந்தவருக்கு அறையே சுற்றியது. வாந்தி. எழுந்து நின்றால் இடப்பக்கமாகச் சாய்ந்தார். கை கால் பலம் குறையவில்லை, வாய் கோணவில்லை, பேச்சும் புரிந்தது. அதனால் பக்கவாதம் என்று யாருக்கும் தோன்றவில்லை. காதுக் கோளாறால் வரும் தலைச்சுற்றலாக இருக்கும் என்று படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் குரல் கரகரத்தது. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. அப்புறம்தான் மருத்துவமனை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

சிடி ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. மூளையின் பின்பகுதியில் வரும் சிறு பாதிப்பை சிடி பல நேரம் தவறவிடும். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் இடது பக்கவாட்டில் ரத்த ஓட்டம் தடைப்பட்ட இடம் தெரிந்தது. இடது முகத்தில் உணர்வுக் குறைவு, உடம்பின் வலது பக்கத்தில் சூடும் குளிரும் தெரியாமை, சற்றே தொங்கிய இடது இமை, நிற்காத விக்கல் எல்லாம் இதோடு பொருந்தின. அடால்ஃப் வாலன்பெர்க் 1895இல் விவரித்த நோய்க்குறித் தொகுப்பு இதுதான். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம்.

முகுளம் ஏன் முக்கியம்

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் சில நாட்களில் விழுங்குவதில் ஏதாவது சிக்கல் இருக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். பெருமூளையில் ஒரு பக்கம் அடிபட்டால் மறுபக்கம் கைகொடுப்பது இதற்கு ஒரு காரணம். தொண்டைக்கான பகுதி பெருமூளையின் இரு பக்கமும் உண்டு. விழுங்குதல் மீண்டவர்களில் அடிபடாத பக்கத்தில் அந்தப் பகுதி விரிவதை 1990களிலேயே ஆய்வுகள் காட்டின.

முகுளத்தின் கதை வேறு. விழுங்கும்போது எந்தத் தசை எப்போது சுருங்க வேண்டும், எது எப்போது தளர வேண்டும் என்ற ஒழுங்கு உருவாவதே அங்குதான். வாயிலிருந்து உணவு தொண்டையைத் தாண்ட ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது. அந்த நொடிக்குள் அண்ணம் மேலேறி மூக்கை அடைக்க வேண்டும், குரல்வளை உயர்ந்து மூட வேண்டும், தொண்டைச் சுவர் பிழிய வேண்டும், உணவுக்குழாயின் வாசலில் எப்போதும் இறுகியே இருக்கும் சுருக்குத்தசை தளர்ந்து விரிய வேண்டும். முகுளத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு இடம் கெட்டாலும் இந்த வரிசை குலைந்துபோகும். கை கால் நன்றாக இருக்கும் ஒருவரால் சொந்த எச்சிலை விழுங்க முடியாமல் போவது இப்படித்தான்.

முதல் வாரம்

செவிலியர் செய்த முதல் சோதனையிலேயே விஷயம் தெளிவாகிவிட்டது. ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுத்ததும் குரல் ஈரமாகக் கொழகொழத்தது. இரண்டாவது கரண்டிக்கு இருமல். மூக்கிலும் கொஞ்சம் வந்தது. வாய்வழியாக எதுவும் கூடாது என்று பலகை மாட்டி, மூக்குக்குழாய் போட்டு, உணவும் மருந்தும் அதன் வழியாகத் தொடங்கினார்கள். பக்கவாதம் வந்தவருக்குச் சாப்பாட்டை நாள் கணக்கில் தள்ளிப் போடக் கூடாது என்பதில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அவர் கட்டிலருகே ஒரு பிளாஸ்டிக் குவளை இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதில் துப்புவார். நுரைத்த, கயிறாக நீளும் எச்சில். தூங்கும்போது துப்ப முடியாதே, அது எங்கே போகும்? நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா. வாய்வழியாக எதுவுமே கொடுக்காத ஒருவருக்கு எப்படி நிமோனியா வந்தது என்று மகள் கேட்டது நியாயமான கேள்வி. எச்சிலும் அதிலுள்ள கிருமிகளும் போதும். மூக்குக்குழாய் அதைத் தடுக்காது.

ஆன்டிபயாடிக்கோடு வாய்ச் சுத்தமும் ஒழுங்கானது. ஒரு நாளைக்கு மூன்று வேளை பிரஷ், நாக்கு, கன்னத்தின் உட்புறம், கழுவிய நீரை உறிஞ்சும் குழாயால் எடுத்துவிடுதல், தலைப்பக்கம் எப்போதும் முப்பது டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி வைத்தல். பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் விழுங்க முடியாதவர்களில் யாருக்கு நிமோனியா வரும் என்பதில் பற்களின் நிலைக்கும் வாய்ச் சுத்தத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்பது 1998இலிருந்தே தெரிந்த செய்தி.

படுக்கையருகே கண்டது

காய்ச்சல் இறங்கியதும் பரிசோதித்தோம். உதடு, நாக்கு, மெல்லுதல் எல்லாம் நன்றாக இருந்தன. ‘ஆ’ சொல்லச் சொன்னால் அண்ணம் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. குரல் காற்றாகக் கரைந்தது, இருமலில் வலு இல்லை. இடது குரல்நாண் அசையவில்லை என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பிறகு உறுதி செய்தார். கழுத்தில் விரல்களை வைத்து, விழுங்கச் சொன்னோம். குரல்வளை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒரே வாய் எச்சிலுக்கு ஐந்தாறு முறை. முடிவில் எல்லாம் குவளைக்கே வந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிந்தன. விழுங்கும் அனிச்சை தொடங்குகிறது, முயற்சியும் பலமாகவே இருக்கிறது. ஆனால் போக வேண்டியது போகவில்லை. இடது தொண்டைச் சுவர் பிழியாததாலா, உணவுக்குழாயின் வாசல் திறக்காததாலா, இரண்டுமா? இதை வெளியிலிருந்து விரலால் சொல்ல முடியாது. தொண்டையைத் தொட்டால் குமட்டல் வருகிறதா என்று பார்த்து விழுங்குதலைக் கணிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது நம்பகமான அடையாளம் இல்லை. நல்ல ஆரோக்கியமானவர்களில் பலருக்கே குமட்டல் வராது.

கெட்டியாக்கிக் கொடுத்தபோது

உள்ளே பார்க்கும் பரிசோதனைக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் வார்டில் வழக்கமான திட்டம் ஒன்று தொடங்கிவிட்டது. தண்ணீருக்குப் புரையேறுகிறது, ஆகவே கெட்டியாக்கும் பொடி கலந்து, தேன் பதத்திலும் கூழ் பதத்திலும் சிறு கரண்டியால் ருசிக்கு மட்டும் கொடுக்கலாம் என்பது அந்தத் திட்டம். பக்கவாதம் வந்த பலருக்கு இது பொருத்தம்தான். மெல்லிய திரவம் வேகமாக ஓடி, குரல்வளை மூடுவதற்கு முன் உள்ளே போய்விடும். கெட்டியானது மெதுவாக வரும், மூட நேரம் கிடைக்கும்.

இவரிடம் முதலில் அது வெற்றி போலவே தெரிந்தது. விழுங்கியதும் இருமல் இல்லை. மனைவி முகத்தில் நிம்மதி. மூன்றாவது கரண்டிக்குப் பிறகு, அரை நிமிடம் கழித்துக் குரல் கொழகொழத்தது. அப்புறம் ஒரு நீண்ட இருமல். பிறகு அவர் குவளையை இழுத்துத் துப்பினார். கொடுத்த கூழ் ஏறக்குறைய அப்படியே, நிறம் மாறாமல் வந்தது. அடுத்த வேளையும் இதே கதை. செவிலியர் குறிப்பில் ‘விழுங்கியபோது இருமல் இல்லை’ என்றே இருந்தது. அது உண்மையும்கூட. ஆனால் விழுங்கிய பிறகு வந்த இருமலுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

பொடியின் அளவிலும் குழப்பம் இருந்தது. ஒரே கரண்டிக் கணக்கில் கலந்தாலும், கலந்தவுடன் ஒரு பதமாகவும் கால் மணி நேரம் கழித்து வேறு பதமாகவும் இருந்ததை மகள் கவனித்தார். திரவத்தின், உணவின் பதத்தை எண்களால் குறிக்க உலகின் பல இடங்களில் பயன்படும் ஐ.டி.டி.எஸ்.ஐ. அளவுமுறையில் இதற்கு எளிய சோதனை உண்டு. பத்து மில்லி சிரிஞ்சில் திரவத்தை நிரப்பி, பத்து நொடி கீழே ஓட விட்டு, மிச்சத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிக்கும் குறைவாக நின்றால் சாதாரணத் தண்ணீர்ப் பதம். ஒன்றிலிருந்து நான்கு வரை மிக லேசான கெட்டி, நான்கிலிருந்து எட்டு வரை லேசான கெட்டி, எட்டுக்கு மேல் நின்றால் நடுத்தரக் கெட்டி. மகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தோம். பிறகு கெட்டியாக்குவதையே கைவிட்டாலும், எதைக் கொடுத்தோம் என்று எல்லோரும் ஒரே எண்ணில் பேச இது உதவியது.

ஸ்கோப்பிலும் எக்ஸ்ரே படத்திலும்

இரண்டாம் வாரக் கடைசியில் மூக்கு வழியாக மெல்லிய ஸ்கோப் விட்டுத் தொண்டையைப் பார்த்தோம். எதுவும் கொடுக்கும் முன்பே, குரல்வளைக்கு இடப்பக்கம் உள்ள குழி நிரம்பி, நுரை எச்சில் குரல்நாண்களின் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது. நிறம் கலந்த கூழை அரைக் கரண்டி கொடுத்தோம். அவர் மூன்று முறை பலமாக விழுங்கினார். படத்தில் கூழ் இடது குழியிலும் வாசலுக்கு மேலேயும் அப்படியே உட்கார்ந்திருந்தது. சிறிது நேரத்தில் அது விளிம்பைத் தாண்டி மூச்சுக்குழாய்ப் பக்கம் சரிந்ததையும், அவர் இருமியதையும் குடும்பத்தாரும் திரையில் பார்த்தார்கள். இதைக் காட்டியதால் பிறகு பல விளக்கங்கள் சுலபமாயின.

ஸ்கோப்புக்கு ஒரு குறை உண்டு. விழுங்கும் அந்த நொடியில் தசைகள் லென்ஸை மூடிக்கொள்வதால் திரை வெளுத்துப்போகும். உணவுக்குழாய் வாசல் திறப்பதைப் பார்க்க முடியாது. அதற்கு, எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த திரவத்தை விழுங்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே வீடியோ வேண்டும். அவர் தள்ளாடாமல் உட்காரத் தொடங்கியதும் மூன்றாம் வாரத்தில் அதை எடுத்தோம்.

பக்கவாட்டுப் படத்தில் வாசல் சிறிதளவே, மிகக் குறைந்த நேரமே விரிந்தது. நேராக எடுத்த படத்தில் பேரியம் வலது பக்கம் மட்டும் ஒரு மெல்லிய கோடாக இறங்கியது. கூழ் பதத்தில் பெரும்பகுதி மேலேயே நின்றது. தண்ணீர்ப் பதத்தில் மூன்று மில்லி கொடுத்தபோது பாதிக்கு மேல் போனது. குறுகிய வாசலில் மெல்லியது நுழையும், கெட்டியானதைத் தள்ளிவிட வலு வேண்டும். அந்த வலுதான் இடது தொண்டையில் இல்லை.

அடுத்து, தலையை முழுக்க இடப்பக்கம் திருப்பி விழுங்கச் சொன்னோம். பலவீனமான பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்துக் குழி நெருக்கப்பட்டு மூடும், உணவு நல்ல பக்கம் வழியாகப் போகும், வாசலின் இறுக்கமும் சற்றுத் தளரும். மூன்று மில்லித் தண்ணீர் ஏறக்குறைய முழுதும் இறங்கியது. ஐந்து மில்லிக்குக் கொஞ்சம் குரல்நாண்களுக்குக் கீழே போனது. இருமினார், ஆனால் முழுதாக வெளியே வரவில்லை. புரையேற்றத்தின் கடுமையைக் குறிக்க 1996இலிருந்து புழங்கும் எட்டுப் படி அளவுகோலில் ஐந்து மில்லிக்கு 7, தலை திருப்பிய மூன்று மில்லிக்கு 2. எட்டாம் படிதான் எங்களுக்குப் பயம். உள்ளே போயும் இருமலே வராத, சத்தமில்லாத புரையேற்றம் அது. அவருக்கு அது இல்லை. இருமல் பலவீனம்தான், ஆனால் உணர்வு இருந்தது. அடுத்த முடிவுகள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நின்றன.

எடுத்த முடிவு, அதற்கான காரணம்

கெட்டியாக்கும் பொடியை நிறுத்தினோம். சாப்பாடும் மருந்தும் முழுக்கக் குழாய் வழியாகவே. வாயால் வெறும் தண்ணீர் மட்டும்: வாயை நன்றாகச் சுத்தம் செய்த பிறகு, நேராக உட்கார்ந்து, தலையை இடப்பக்கம் திருப்பி, சிரிஞ்சால் அளந்த மூன்று மில்லி, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு தடவை வேண்டுமென்றே இருமி மறுபடி விழுங்குதல்.

மனைவி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “கெட்டியாக் குடுத்தாத்தான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க வெறும் தண்ணியக் குடுக்கச் சொல்றீங்களே மேடம், பயமா இருக்கு” என்றார். நியாயமான பயம். இப்படி விளக்கினோம்: இவருக்கு எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் உள்ளே போகும் வாய்ப்பு இருக்கிறது. சுத்தமான வாயிலிருந்து போகும் சில துளித் தண்ணீரை நுரையீரல் உறிஞ்சிக்கொள்ளும். பிசுபிசுப்பான கூழ் போனால் வெளியேற்றுவது கஷ்டம். அவர் நடக்கத் தொடங்கிவிட்டார், இருமுகிறார், காய்ச்சல் ஒரு வாரத்துக்கும் மேலாக இல்லை. இவற்றில் எது மாறினாலும் தண்ணீரும் நிறுத்தப்படும். வெப்பநிலை, மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு தினமும் எழுதப்படும்.

அவரிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை. கரகரத்த குரலில் பேசிக் களைத்ததால் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். குழாய் வழியாகப் போதுமான தண்ணீர் போய்க்கொண்டிருந்தும் அந்த நோட்டில் ‘தாகம்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. தாகத்தில் வாய்க்கும் தொண்டைக்கும் பங்கு உண்டு. வயிற்றில் தண்ணீர் சேர்வதால் மட்டும் அது முழுசாகத் தணிவதில்லை.

பயிற்சிகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்தோம். நாக்கை அண்ணத்தில் அழுத்தி, முழு பலத்தோடு விழுங்குதல் ஒன்று. குரல்வளை ஏறிய உச்சத்தில் இரண்டு மூன்று நொடி அப்படியே பிடித்து வைப்பது இன்னொன்று. மெண்டல்சன் முறை என்று பெயர். வாசல் சற்று அதிக நேரம் திறந்திருக்க உதவும். மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கும் ஷேக்கர் பயிற்சி வாசலுக்கு நல்லதுதான். ஆனால் படுத்தாலே அவருக்குத் தலை சுற்றியது. பதிலாக உட்கார்ந்தபடி முகவாய்க்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து அழுத்தும் பயிற்சியைக் கொடுத்தோம். குரல்வளையைத் தூக்கும் அதே தசைகள்தான் வேலை செய்கின்றன.

மெண்டல்சன் முறை அவருக்கு வெகு நாள் பிடிபடவில்லை. ‘உச்சத்தில் பிடித்து வையுங்கள்’ என்றால் எதைப் பிடிப்பது? முகவாய்க்குக் கீழே மின்முனை ஒட்டி, தசை வேலை செய்வதைத் திரையில் கோடாகக் காட்டிய பிறகுதான் புரிந்தது. கோட்டை மேலேயே நிறுத்தப் பாருங்கள் என்றதும் அன்றே செய்தார்.

வயிற்றுக் குழாய்

நான்காம் வாரம் ஆகியும் மூக்குக்குழாய் இருந்தது. அது இரண்டு முறை நழுவி, ஒவ்வொரு முறையும் மறுபடி போட்டு, குழாயில் உறிஞ்சிய நீரின் அமிலத்தன்மையும் எக்ஸ்ரேயும் பார்த்து இடத்தை உறுதி செய்ய வேண்டி வந்தது. ஏறக்குறைய ஆறு கிலோ எடை குறைந்திருந்தார். வயிற்றில் நேராகப் போடும் பெக் குழாயைப் பற்றிப் பேச வேண்டிய நேரம்.

பக்கவாதம் வந்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் பெக் போடுவதில் அவசரம் கூடாது. 2005இல் வெளியான ஃபுட் (FOOD) என்ற ஆய்வு, அந்த ஆரம்ப நாட்களில் மூக்குக்குழாயை விட பெக் மேலானது அல்ல, விளைவு மோசமாகவும் இருக்கக்கூடும் என்று காட்டியது. ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் என்று தெரியும்போது கணக்கு மாறுகிறது. குடும்பத்துக்கோ அது ஒரு தீர்ப்பு மாதிரி கேட்டது. வயிற்றில் துளை போட்டால் இனி வாயால் சாப்பாடே இல்லை என்று நினைத்தார்கள். போட்ட குழாயை எடுப்பது சில நிமிட வேலை, குழாய் இருக்கும்போதே வாயால் சாப்பிடலாம், சத்து குறைந்த உடம்பில் பயிற்சி பலிக்காது என்று மூன்று நாள் பேசிப் பேசித்தான் சம்மதம் வந்தது. ஐந்தாம் வாரம் போடப்பட்டது.

அதன் பிறகு இரவுத் தூக்கம் மேம்பட்டது, எடை இறங்குவது நின்றது. தொண்டையில் உறுத்திக்கொண்டிருந்த குழாய் போனதும் பயிற்சிக்கு அவராகவே நேரம் கேட்டார். மெல்லிய மூக்குக்குழாய் விழுங்குதலைப் பெரிதாகக் கெடுக்காது என்பார்கள். இவருடைய முகத்தைப் பார்த்தால் அதை முழுசாக நம்ப முடியவில்லை.

மாத்திரைகளில் ஒரு சின்ன விஷயம். மெதுவாகக் கரையும் வகை ரத்த அழுத்த மாத்திரை ஒன்றைப் பொடித்துக் குழாயில் போட்டுக்கொண்டிருந்ததை மருந்தாளுநர் கண்டுபிடித்து மாற்றினார். அந்த வகையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

தேக்கமும் பலூனும்

ஆறு, ஏழு வாரங்களில் தண்ணீர் அளவு ஐந்து மில்லிக்கு உயர்ந்தது. அப்புறம் நின்றுவிட்டது. எங்களிடம் ஓர் எளிய அளவு இருந்தது: அந்தத் துப்பும் குவளை. முதல் வாரங்களில் ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேல். ஏழாம் வாரம் அதில் பாதி. பிறகு பத்து நாட்களுக்கும் மேலாக மாற்றமில்லை. எட்டாம் வாரம் எடுத்த எக்ஸ்ரே வீடியோவில் காரணம் தெரிந்தது. இடது தொண்டைச் சுவர் ஓரளவு பிழியத் தொடங்கியிருந்தது. வாசல் மட்டும் இன்னும் குறுகலாகவே இருந்தது.

மூன்று வழிகள் இருந்தன. சுருக்குத்தசையை வெட்டித் தளர்த்தும் அறுவை, அதே தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி, பலூனால் விரித்தல். தானாக மீளும் வாய்ப்பு இன்னும் இருக்கும் நேரத்தில் நிரந்தரமாக வெட்டுவது சரியில்லை. ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும் என்பதில் அறுவை மருத்துவரும் ஒத்துப்போனார். போட்டாக்ஸ் பக்கத்துத் தசைகளுக்குப் பரவக்கூடும். அவரிடம் அசையும் குரல்நாண் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் தற்காலிகமாகப் பலவீனமாக்கினால் இருமலும் மூச்சுக்குழாய்ப் பாதுகாப்பும் போய்விடும். பலூன் எந்த நேரமும் நிறுத்தக்கூடிய வழி. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைக்கப்பட்டிருந்ததும் சாதகம்.

சிறுநீருக்குப் பயன்படும் ஃபோலி வகைக் குழாய்தான் கருவி. மரத்துப்போகும் ஜெல் தடவி, வாய் வழியாக வாசலுக்குக் கீழே வரை அதை இறக்கி, நுனியிலுள்ள பலூனில் மூன்று மில்லித் தண்ணீர் நிரப்பி, அவரை விழுங்கச் சொல்லி, அந்த நேரத்தில் மெதுவாக மேலே இழுக்க வேண்டும். விழுங்கும் முயற்சியும் இழுப்பும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் முக்கியம். வெறுமனே தசையை விரித்தால் போதாது. எப்போது தளர வேண்டும் என்பதையும் அதற்கு நினைவூட்டுகிறோம். நாடித்துடிப்பு திடீரென்று இறங்கக்கூடும் என்பதால் மருத்துவர் பக்கத்திலேயே, கண்காணிப்புக் கருவியோடு.

முதல் நாள் பலூன் வாசலில் வந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவர் கண்ணில் நீர், குமட்டல். கட்டைவிரலைக் காட்டினால் நிறுத்திவிடுவோம் என்று முன்பே ஒப்பந்தம். இரண்டு தடவையோடு அன்று முடித்தோம். வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொன்றாக அளவைக் கூட்டினோம். ஓரிரு முறை எச்சிலில் ரத்தக் கோடு தெரிந்தது; மறுநாள் ஓய்வு கொடுத்தோம். இரண்டாம் வார நடுவில் ஆறு மில்லிப் பலூன் விழுங்கும் கணத்தில் ‘சட்’டென்று நழுவி மேலே வந்தது. இழுத்த கைக்கு அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. நோட்டை எடுத்து, ‘திறந்துச்சு’ என்று எழுதினார்.

மூன்று வாரத்தில் எட்டு மில்லியோடு நிறுத்தினோம். குவளை அதற்குள் பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

பின்னர் நடந்தவை

பன்னிரண்டாம் வாரப் படத்தில் தலையைத் திருப்பினால் பத்து மில்லித் தண்ணீர் புரையேறாமல் போனது. கூழ் பதத்தில் சிறிதளவே மிச்சம் நின்றது, அடுத்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் அதுவும் போனது. அதிலிருந்து உணவு தொடங்கியது. முதலில் வழுவழுப்பாக மசித்தவை, பிறகு ஈரமான சிறு துண்டுகள், பிறகு மென்மையான சாதாரண உணவு. ஒவ்வொரு படியிலும் குழாய் உணவை அதே அளவு குறைத்தோம். வாயால் தேவையான சத்தில் முக்கால் பங்குக்கு மேல் தொடர்ந்து எடுத்து, எடையும் குறையாமல் இருந்த பிறகுதான் இரவுக் குழாய் உணவு நின்றது. ஆறாம் மாதம் பெக் எடுக்கப்பட்டது. முதல் வாரத்துக்குப் பிறகு நிமோனியா வரவில்லை.

முழுசாகப் பழைய நிலை என்று சொல்ல முடியாது. உலர்ந்ததும் ஒட்டுவதும் இன்னும் சிக்கிக்கொள்கின்றன. ஒரு வேளை சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. சாப்பிடும்போது பேச மாட்டார்; பேச வேண்டுமென்றால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். குரல் கரகரப்பு கொஞ்சம் மிச்சம். இடது கன்னத்தில் எரிச்சல் வலி இருக்கிறது, அதற்குத் தனி மருந்து.

இது ஒருவருடைய கதை. தானாக மீளும் காலத்திலேயே பயிற்சியும் பலூனும் நடந்தன. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது நேர்மையாக இருக்காது. நின்றுபோயிருந்த குவளை அளவு பலூன் தொடங்கிய பின் இறங்கியது என்பது வரைக்கும் சொல்லலாம்.

இனி மாறியிருப்பவை

மூளைத்தண்டில் பாதிப்பு என்று எம்.ஆர்.ஐ. சொன்னால், ஸ்கோப்போ எக்ஸ்ரே வீடியோவோ பார்க்காமல் கெட்டியான எதையும் தொடங்குவதில்லை. அதுவரை வாயால் எதுவும் இல்லை, வாய்ச் சுத்தம் மட்டும் முதல் நாளிலிருந்தே. கண்காணிப்புப் படிவத்தில் ‘விழுங்கிய இரண்டு நிமிடத்துக்குள் குரல் மாற்றம், இருமல், திரும்பி வருதல்’ என்று ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது. துப்பும் எச்சிலை அளவுக் குவளையில் பிடித்துத் தினமும் எழுதுகிறோம். இவரிடம் அந்தப் பழக்கம் தற்செயலாக வந்தது, இப்போது வழக்கமாகிவிட்டது. பெக் பற்றிய பேச்சை இரண்டாம் வாரத்திலேயே, தேவைப்பட்டால் ஒரு தற்காலிக வழி என்ற அளவில் தொடங்குகிறோம்.

தலைச்சுற்றலோடு வருபவர்களிடம் குரல் மாறியதா, விழுங்க முடிகிறதா, விக்கல் உண்டா, நேராக நிற்க முடிகிறதா என்று கேட்க வேண்டும் என்பதை அவசரப் பிரிவோடு பேசினோம். முகம், கை, பேச்சு என்ற மூன்றை மட்டும் பார்த்தால் இவரைப் போன்றவர்கள் கண்ணில் படாமல் போய்விடுவார்கள்.

நான்காம் மாதத்தில் நடந்த ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். வேறொரு காரணத்துக்காக அவர் வேறு இடத்தில் இரண்டு நாள் அனுமதிக்கப்பட்டார். பக்கவாதம், விழுங்கல் சிக்கல் என்று கோப்பில் பார்த்ததும் அங்கே பழக்கப்படி கெட்டியாக்கும் பொடியை வரவழைத்துவிட்டார்கள். மகள் தடுத்தார். அதன் பிறகு வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் சட்டைப்பையில் வைக்க ஒரு அட்டை கொடுக்கிறோம். அவருடையதில் இப்படி இருந்தது: ‘தலையை இடப்பக்கம் திருப்பி விழுங்க வேண்டும். மெல்லிய திரவம், சிறு வாய்களாக. கெட்டியாக்கும் பொடி வேண்டாம். வாசல் குறுகலால் தொண்டையில் தேங்கும்.’ கீழே தேதியும், அடுத்த பரிசோதனைக்கான மாதமும். விழுங்குதல் மாறிக்கொண்டே வரும் என்பதால் தேதி தாண்டிய அட்டையைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டுப் புதியது தருகிறோம்.